முன்பல்லில் விழுந்த வலைமுடிச்சு

ஏலே, நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. கல்லறைக்கு மெழுகுவத்தியோடு போகும்போதெல்லாம் சரியாக வராத உன் ஞாபகம், நேற்றுப் பல் டாக்டரம்மாவின் நாற்காலியில் நான் சாய்ந்திருக்க, கிராம்பு எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியதும் வந்து நின்றது. வாயைப் பிளந்து வைத்துக்கொண்டு சிரிக்கக் கூடாது. சிரித்தேன், கருவி ஈறில் குத்தியது.

நாற்பத்தாறு வயதில் நம் இருவருக்கும் ஒரே சமயத்தில் முன்பல் விலக ஆரம்பித்தது. துறைமுக எடைமேடையில் லாரி நிறுக்கிற எனக்கு அது வெறும் அழகுக் குறைச்சல். உனக்கு அப்படியா? வாரமெல்லாம் கடலுக்குப் போனாலும் கோயில் பேண்டில் டிரம்பெட் வாசிக்கிறவன் நீ. "காத்து ஒழுகுதுலே. மாதா பாட்ட ஊதுனா பஸ் ஆரன் மாதிரி கேக்கு" என்று என் வீட்டு வாசலில் வந்து புலம்பினாய். திருவிழாவுக்கு ஒன்றரை மாதம் இருந்தது.

கம்பி போட்டால் இடைவெளி மூடும் என்று இருவரும் போனோம். டாக்டரம்மா தொட்டதுமே ஈறில் ரத்தம் வந்தது. ஈறு நோயில், பல்லைப் பிடித்திருக்கிற எலும்பு கரைந்ததால்தான் பல் விலகியிருக்கிறது என்றார். "புண்ணு ஆறாம கம்பி போட்டு இழுத்தா மிச்ச எலும்பும் போயிரும் அண்ணாச்சி. முதல்ல ஈறு, பெறகுதான் கம்பி. நாலஞ்சு மாசம் ஆகும்." வெளியே வந்ததும் நீ பொருமினாய். "பல்ல இழுக்கச் சொன்னா ஈறச் சுரண்டணும்ங்காவ. அதுவரைக்கும் திருவிழா காத்துக்கிட்டு இருக்குமாலே?"

அந்த ஞாயிறு, பூசை முடிந்த கையோடு, வலைப் பெட்டியிலிருந்து வலை பின்னுகிற நைலான் நரம்பை எடுத்தாய். "சுறாவே அறுக்காத முடிச்சுலே இது" என்று இரண்டு முன்பல்லையும் சேர்த்துச் சுற்றி வலைமுடிச்சுப் போட்டாய். கண்ணாடி பிடித்தவன் நான். பிடித்ததோடு விட்டேனா? "இன்னும் கொஞ்சம் இறுக்கு" என்று யோசனை வேறு சொன்னேன். உனக்குச் சரிப்பட்டால் எனக்கும் கட்டிவிடுவதாகப் பேச்சு.

பத்துப் பதினைந்து நாளில் இடைவெளி மூடிவிட்டது! தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு திரிந்தாய். டாக்டரம்மா படித்த பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றாய். அப்புறம் ஒரு காலையில் நரம்பைக் காணோம். இட்லியோடு வயிற்றுக்குள் போயிருக்கும் என்று முடிவு கட்டினோம்.

அது வயிற்றுக்குப் போகவில்லை, ஈறுக்குள் போயிருந்தது. பல்லின் வேர் உள்ளே போகப் போகக் குறுகுமாம். இறுக்கிய நரம்பு அதன்மேல் நழுவி நழுவி ஏறி, இருந்த கொஞ்ச எலும்பையும் கரைத்திருந்தது. திருவிழாவுக்கு நாலு நாள் இருக்கையில் உதடு வீங்கி, இரண்டு பல்லும் நீண்டு, நாக்கு பட்டாலே ஆடின. டாக்டரம்மா மரப்பு ஊசி போட்டு அந்த நைலான் நரம்பை எடுத்து விளக்கில் பிடித்துப் பார்த்தார். "அண்ணாச்சி, இது பல்லா, தூண்டில்ல மாட்டுன சீலா மீனா?" நீ வீங்கின வாயோடு கேட்டாய்: "முடிச்சு அவுந்திருக்கா, பாருங்க?" அவிழவில்லை. அத்தனை வலியிலும் உனக்கு ஒரு பெருமை.

"கட்டும்போது கூட யாரு இருந்தா?" என்று அவர் கேட்டபோது, நான் சுவரில் மாட்டியிருந்த பல் படத்தை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தேன். "யாருமில்ல. கண்ணாடி ஆணியில தொங்குச்சு" என்றாய். பல் நிற்குமா என்று மட்டும் கேட்டேன். இப்போது சொல்ல முடியாது என்றார். எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

அந்தத் திருவிழாவில் நீ வாயை மூடிக்கொண்டு தாளம் தட்டிப் போனாய். எனக்குச் சகிக்கவில்லை. அதன்பின் இருவரும் சொன்ன நாளுக்குச் சொன்ன நேரத்துக்கு ஈறு வைத்தியத்துக்குப் போனோம். ஈறு ஆறிய பிறகே கம்பி, அதுவும் மெதுவாக இழுக்கிற கம்பி. மறு வருஷமும் உனக்குத் தாளம்தான். அதற்கடுத்த வருஷம் ஊதினாய். காற்று ஒழுகவில்லை. ஊரே மாதாவைப் பார்த்துக் கும்பிட, நான் உன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போன வருஷம் மாரடைப்பில் போய் நீ சவப்பெட்டிக்குள் கிடந்தபோதும் அங்கேதான் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. இரண்டு பல்லும் சேர்ந்தே இருந்தன. அழுகைக்கு நடுவே ஒரு நிம்மதி வந்ததை யாரிடம் சொல்ல முடியும்?

ஒவ்வொரு தடவையும் நான் கிளம்பும்போது டாக்டரம்மா, "நூலு கீலு கட்டிராதீங்க அண்ணாச்சி" என்பார். எல்லோரிடமும் சொல்வது என்றுதான் நினைத்திருந்தேன். நேற்று மனசு கேட்கவில்லை. "அன்னைக்குக் கண்ணாடி பிடிச்சது நான்தாம்மா" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "தெரியும். நரம்ப எடுத்த அன்னைக்கே சாயங்காலம் அவரே தனியா வந்து சொல்லிட்டாரு. 'அவனும் கட்டுவான் டாக்டரம்மா, நான் சொன்னா கேக்க மாட்டான். வரும்போதெல்லாம் நீங்க கண்டிச்சு வைங்க'ன்னாரு."

காட்டிக்கொடுத்த பயலே! என் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் பல்லிடுக்குத் தேய்க்கிற சின்ன பிரஷ் எப்போதும் இருக்கிறது. லாரிக்காரர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த நாற்காலியில் நான் வாங்கிக்கொண்டு வந்தது உன் திட்டைத்தான் என்பது நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது.