பதினைந்து அடிக்குக் கீழே

மணற்குடி
10.3.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

மீனவரைக் கட்டிக்கொண்டு கடற்கரைக்கு வந்த தங்கையோடு ஒன்பது வருஷம் பேசாமல் இருந்தீர்கள். பிறகு சமாதானச் சீராக ரிக் வண்டியையே ஓட்டி வந்து, ஊர் நடுவில் இருநூற்று எண்பது அடிக்கு ஆழ்துளைப் போர் போட்டுக் கொடுத்தீர்கள். அன்றிலிருந்து இங்கே எனக்குத் தனி மரியாதை.

மாமியார் மட்டும் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். இங்கே மணலைக் கையால் பறித்து, ஊறும் தண்ணீரைக் கொட்டாங்கச்சியில் மொண்டுகொள்வதுதான் வழக்கம். "பதினஞ்சு அடிக்குக் கீழ கடல் படுத்துக் கெடக்கு, எழுப்பாதீங்க" என்று அன்றைக்கு அவர் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

நான்கு நாளாகப் போர்த் தண்ணீர் லேசாகக் கரிக்கிறது. என்ன செய்ய? போனில் கேட்டால் ரிக் சத்தத்தில் காதில் விழவில்லை என்கிறீர்கள், அதனால்தான் கடிதம்.

உங்கள் தங்கை
வெண்ணிலா

திருச்செங்கோடு
18.3.2024

அன்பு அம்மிணிக்கு,

நம்மூரில் ஆயிரம் அடி போட்டவனுக்கு உன் ஊர்ப் போர் ஒரு குழியா? புதுப் போர் என்றால் முதலில் கலங்கும், கரிக்கும். மோட்டாரை நிறுத்தாமல் நாலு நாள் ஓட்டு, உப்பெல்லாம் வெளியே போய்விடும். உன் மாமியாரிடம், "எங்க அண்ணன் பூமிக்குள்ள பார்க்காத தண்ணி இல்லீங்க" என்று சொல்லு.

செங்கோடன்

மணற்குடி
2.7.2024

அண்ணா,

நீங்கள் சொன்னபடியே நாலு நாள் ஓட்டினோம். இப்போது கையால் பறித்த ஊற்றெல்லாம் உப்பு. மாடு வாய் வைப்பதில்லை. பெண்கள் தண்ணீருக்கு இரண்டு மைல் நடக்கிறார்கள், கூடப் போக என்னை விடுவதில்லை. என் வீட்டுக்காரரைப் படகில் சேர்த்துக்கொள்ள யாருமில்லை.

ஆகஸ்ட் நான்காம் தேதி ஊர்க்கூட்டம். ஒரே ஒருமுறை வாருங்கள். போரைச் சிமென்ட் ஊற்றி மூடுங்கள், நாலு மழை பெய்தால் ஊற்று தேறும் என்கிறார்கள். "ஓட்டச் சொன்னது நான்தான்" என்று சபையில் சொல்லுங்கள். அந்த ஒரு சொல் இருந்தால் எங்களை ஊரைவிட்டுத் தள்ளி வைக்க மாட்டார்கள்.

வெண்ணிலா

திருச்செங்கோடு
15.7.2024

அன்பு அம்மிணிக்கு,

உன் போரைப் பார்த்துத்தான் உங்கள் பக்கத்து எட்டு ஊரில் ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். நான் வந்து தப்பு என்று சொன்னால் வண்டியின் பேர் கெட்டுவிடும். அதனால் உங்கள் ஊர்த் தலைவருக்கே எழுதிப் போட்டுவிட்டேன்: போர் நல்ல போர், என் தங்கைதான் விவரம் தெரியாமல் அளவுக்கு மேல் மோட்டாரை ஓட்டிவிட்டாள் என்று. தப்பா எடுத்துக்காத சாமி. உனக்கு ஒரு வருஷம் கோபம், எனக்குப் பிழைப்பு.

செங்கோடன்

மணற்குடி
6.8.2024

செங்கோடன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைத் தலைவர் சபையில் படித்தார். நீங்கள் மார்ச்சில் எனக்கு எழுதியதை நான் எழுந்து படித்தேன். எல்லோரும் கேட்டார்கள். என் மாமியார் சுப்பம்மாள் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: "அப்ப நான் சொன்னத உட்டுட்டு இவன் சொன்னத ஏன் கேட்ட?"

நான் கடிதத்தை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சபை எங்களைத் தள்ளி வைத்துவிட்டது.

இரண்டு கடிதங்களையும் நகல் எடுத்து எட்டு ஊருக்கும் நானே நடந்துபோய்க் கொடுத்தேன். உங்கள் கையெழுத்து நகலில் தெளிவாக விழுந்திருக்கிறது. இனி உங்கள் ரிக் சத்தம் போடாது, போனில் எல்லாம் நன்றாகக் காதில் விழும். ஆனால் நான் கூப்பிட மாட்டேன்.

கைலாசம் மனைவி
வெண்ணிலா