துண்டுக்குள் விரல்

அய்யலூர்
14-6-2024

அன்புத் தங்கை அமலராணிக்கு,

ஆண்டவர் அருளால் இங்கு நலம். போனில் பேசினால் பாதியிலேயே நர்ஸம்மா ஆகிவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

நேற்று ஆட்டுச்சந்தையில் என் மானம் போய்விட்டது. துண்டுக்குள் கைவிட்டு, விரலுக்கு ஒரு தொகையாக விலை பேசும்போது, வியாபாரி என் எந்த விரலைப் பிடித்தான் என்றே தெரியவில்லை. குத்துமதிப்பாகத் தலையாட்டினேன். துண்டை எடுத்த பின் பேச்சு மாறக் கூடாதே. நான் தரகு பேசிய சோலைமலையின் ஆடுகள் பாதி விலைக்குப் போயின. "தரகுக்கு ஆசப்பட்டு என்னயக் கவுத்துட்டியே ஜெரோமு" என்றான். அழுகை வந்தது.

சட்டைப் பொத்தானும் மல்லுக்கு நிற்கிறது. ஆனால் ஞாபகம் பிசகவில்லை. சின்ன வயதில் நீ முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு அப்பா எடுத்த கவுனின் நிறம்கூடச் சொல்வேன். நாற்பத்தெட்டு வயதில் என்ன வந்துவிடும்? கண்ணாடியை மாற்றினால் சரியாகும்.

உன் அண்ணன்
ஜெரோம்


வேலூர்
20-6-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கண்ணாடி இருக்கட்டும். மதினியுடன் மதுரைக்குப் போய்த் தலையை ஸ்கேன் எடு.

அப்பாவும் இந்த வயதில்தான் சந்தையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றார். குடித்திருக்கிறார் என்றார்கள். அவர் குடித்து நீ பார்த்திருக்கிறாயா? எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் தங்கை
ராணி


அய்யலூர்
9-7-2024

அன்பு ராணிக்கு,

என் எழுத்து வரியில் நிற்கவில்லை. நான் சொல்லச் சொல்ல உன் மதினி எழுதுகிறாள்.

மதுரையில் ஸ்கேன் எடுத்தோம். அல்சைமராம். அது கிழவர்களுக்குத்தானே வரும் என்று கேட்டேன். "வயசானவங்களுக்குப் பெரும்பாலும் ஞாபகம் இருக்குற இடம் மொதல்ல சுருங்கும். உங்கள மாதிரிச் சின்ன வயசுல வந்தா, சில பேருக்கு மூளையோட பின்பக்கம் மொதல்ல சுருங்குது. ஞாபகம் கொஞ்ச நாள் நிக்கும். கை, கணக்கு, வழி எல்லாம் முந்திக்கிட்டுப் போயிரும்" என்றார் டாக்டர். வேகமும் அதிகமாம்.

அப்பாவைப் பற்றிச் சொன்னேன். "குடும்பத்துல வர்றதா இருக்கலாம். கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?" என்றார். இல்லை என்று சொல்லிவிட்டேன். கோபப்படாதே.

ஜெரோம்


வேலூர்
16-7-2024

அன்புள்ள அண்ணே,

உன்னைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். மனம் வரவில்லை.

இரண்டு மாதமாக ஊசி போடும்போது எனக்கு நரம்பு பிடிபடவில்லை. வேலை அலுப்பு என்று நினைத்தேன். உன் கடிதம் வந்ததும், என்னுடன் தங்கியிருக்கும் புவனேஸ்வரியைக் கூப்பிட்டுத் துண்டுக்குள் கையை நீட்டினேன். அப்பா நமக்குச் சொல்லித் தந்த விளையாட்டுத்தான். அதில் ஒருநாளும் நான் உன்னிடம் தோற்றதில்லை.

அவள் ஒரு விரலைப் பிடித்தாள். நடுவிரல் என்றேன். "வெளையாடாதீங்க சிஸ்டர், சுண்டுவிரலப் பிடிச்சிருக்கேன்" என்றாள். மறுபடியும் பிடிக்கச் சொன்னேன். மறுபடியும் தப்பு.

அடுத்த வாரம் எனக்கு ஸ்கேன். கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டால், ஓர் அண்ணன் இருக்கிறான் என்றுதான் சொல்வேன்.

ராணி