விண்டோஸுக்கு ஒரு படலை

மச்சான்,

இன்று பின்னேரம் திரையின் கீழ் மூலையில் அந்த மஞ்சள் முக்கோணம் வந்து நின்றது. இணையம் இல்லை என்று விண்டோஸ் காட்டுகிற அடையாளம். அதைக் கண்டால் நீ "உவன் வந்திட்டான்" என்பாய், வேண்டாத விருந்தாளி படலையைத் திறந்து வளவுக்குள் நுழைந்துவிட்டதுபோல. இன்று அதை நானே சொன்னேன். பக்கத்துக் கதிரையில் சிரிக்க ஆள் இல்லை.

வெளியே லொறி நின்றது. குருநகர்ப் படகுகள் கொண்டுவந்த நண்டு எல்லாம் ஐஸ் பெட்டிகளில் ஏறிவிட்டது. எந்தப் படகு, எவ்வளவு நண்டு என்ற விபரம் லொறி வெளிக்கிட முன்னர் கொழும்புக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அங்கே பெட்டிகளை இறக்க விடமாட்டார்கள், நண்டு பழுதாகித் திரும்பி வரும். விடியமுன் கடலுக்குப் போய் வந்தவர்களின் முகத்தை நாளைக்கு எப்படிப் பார்ப்பது?

சாரதி மரியதாஸ் அண்ணை யன்னலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, அனுப்பியாச்சோ? ஐஸ் கரையுது."

"பொறுங்கோ அண்ணை, நெற் இல்லை."

"அவன் இருந்திருந்தால் இதுக்குள்ளை முடிச்சிருப்பான்" என்றார், உன்னை நினைத்து. என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனாலும் குத்தியது.

அந்த விபரத்தை அனுப்பும் மென்பொருள் பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அது இருந்த கணினியை உப்புக்காற்று தின்று முடித்தபோது எங்கள் மீனவர் சங்கத்தில் எல்லோரும் தலையில் கை வைத்தார்கள். நீதான் லினக்ஸ் ஓடுகிற இந்தக் கணினிப் பெட்டிக்குள் மென்பொருளாலேயே இன்னொரு கணினியைச் செய்து, பழைய விண்டோஸை அதற்குள் குடிவைத்தாய். மெய்நிகர் கணினி என்று நான் சொன்னால் உனக்குச் சிரிப்பு வரும். "வளவுக்குள்ளை பின்னாலை ஒரு சின்ன வீடு, அவ்வளவுதான். அவைக்குத் தனி வழி இல்லை. றோட்டுக்குப் போறதெண்டால் எங்கடை முற்றத்தாலை வந்து, எங்கடை படலையாலைதான் போகவேணும்" என்று எனக்கு விளங்கப்படுத்தினாய்.

இன்றும் என் கை முதலில் போனது பெட்டியை நிறுத்தும் பொத்தானுக்குத்தான். இணுவிலில் தோட்டக்கார வீட்டில் பிறந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? "உதென்ன உங்கடை தோட்டத்து வோட்டர் பம்பே, நிப்பாட்டி நிப்பாட்டி இழுக்க?" என்று நீ கேட்பது காதில் விழுந்தது. கையை எடுத்துக்கொண்டேன். எங்கே அடைபட்டிருக்கிறது என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்துவர வேண்டும் என்பாய்.

அப்படியே செய்தேன். லினக்ஸில் ஒரு செய்தித்தளத்தைத் திறந்தேன், உடனே வந்தது. ஆகவே றோட்டில் பிழையில்லை. விண்டோஸுக்குள் இருந்து லினக்ஸைக் கூப்பிட்டேன், பதில் வந்தது. பின்வீட்டில் இருந்து முற்றம் வரைக்கும் வழி சரி. அங்கிருந்து வெளியே ஓர் இடத்தைக் கூப்பிட்டால்தான் ஒன்றுமில்லை. அதன் பெயரைக் கொடுத்தும் பார்த்தேன், இணைய முகவரி இலக்கத்தைக் கொடுத்தும் பார்த்தேன். இரண்டுக்கும் மௌனம்.

அப்படியென்றால் படலைதான். உள்ளே இருந்து வருவதை வெளியே கடத்திவிடுவதா இல்லையா என்று லினக்ஸில் ஓர் அமைப்பு இருக்கிறது. ஒன்று என்றால் விடும், பூச்சியம் என்றால் விடாது. பார்த்தேன், பூச்சியம். நேற்று நெடுநேரம் கரண்ட் இல்லாமல் யூபிஎஸ்ஸும் படுத்துவிட்டது. பெட்டி நின்று திரும்ப எழும்பும்போது அது பூச்சியத்துக்கு வந்துவிடும். எப்போதும் ஒன்றிலேயே நிற்க வைப்பதற்கு ஒரு கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும். நீ எழுதி வைக்கவில்லை.

எனக்கு உன் மேல் கோபம் வந்தது. செத்த ஆளை ஏசலாமோ என்று கேட்காதே, ஏசினேன். இவ்வளவும் செய்தவனுக்கு அந்த ஒரு வரி எழுத உடம்பு வளையாத பஞ்சியோ?

பிறகுதான் உன் பின்னேரங்கள் ஞாபகம் வந்தன. விபரம் அனுப்ப முன்னர் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு வரி அடிப்பாய். லொறி போன பிறகும் அப்படியே சிலுவை போட்டு ஒரு வரி அடிப்பாய்.

"என்ன, லொறிக்குச் செபமோ?" என்று நான் ஒருநாள் பகிடி பண்ணினேன்.

"ஓம், உந்தக் கிழட்டு விண்டோஸுக்கு. உவனை நெடுக வெளியிலை விட்டால் கண்ட வைரஸ் வருத்தமும் கொண்டு வந்திடுவான். அலுவல் முடிஞ்சால் படலையைச் சாத்தவேணும்."

நீ மறக்கவும் இல்லை, பஞ்சிப்படவும் இல்லை. லொறிக்கு மட்டும் திறந்து, லொறி போனதும் சாத்தியிருக்கிறாய். அப்படியென்றால் நீ போன பிறகு இத்தனை கிழமையும் நான் எப்படி அனுப்பினேன்?

உன் கடைசிப் பின்னேரம். விபரம் போய்க்கொண்டிருந்தது. நீ நெஞ்சைப் பிடித்தாய். நான் ஓட்டோவை மறித்துவிட்டு வந்து உன் கையைப் பிடித்து இழுத்தேன். நீ திரும்பித் திரும்பித் திரையைப் பார்த்தாய். "பொறு மச்சான், ஒரு வரி கிடக்கு, அடிச்சுப்போட்டு வாறன்" என்றாய். வரியும் மண்ணாங்கட்டியும் என்று கத்தி உன்னை ஏற்றினேன். ஆஸ்பத்திரிக்குப் போனோம். நீ திரும்பி வரவில்லை.

அன்றைக்கு நீ திறந்தது திறந்தபடியே கிடந்திருக்கிறது. நீ இல்லாமல் பெட்டியை நிறுத்தினால் திரும்ப எழும்புமோ என்று எங்கள் எல்லோருக்கும் பயம், ஒருவரும் தொடவில்லை. இத்தனை நாளும் குருநகர் நண்டின் விபரம் எல்லாம் நீ திறந்துவிட்ட வழியால்தான் போயிருக்கிறது. நேற்றுக் கரண்ட் நின்றபோதுதான் அது சாத்தப்பட்டது. நான் அழுதேன் மச்சான். மரியதாஸ் அண்ணை கண்டும் காணாததுபோல லொறிப் பக்கம் போய்விட்டார்.

ஒன்று என்று அடித்தேன். மஞ்சள் முக்கோணம் போனது. விபரம் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது. "போட்டு வாங்கோ அண்ணை" என்று யன்னலால் குரல் கொடுத்தேன்.

இனி இந்தக் கரைச்சல் வேண்டாம் என்று அந்தக் கோப்பைத் திறந்து, எப்போதும் ஒன்றில் நிற்கும் வரியை எழுதினேன். சேமிக்கவில்லை. அழித்துவிட்டேன்.

லொறி றோட்டில் ஏறித் திரும்பும் சத்தம் கேட்டது. இனி ஒவ்வொரு பின்னேரமும் திறப்பதும் சாத்துவதும் என் வேலை. சிலுவை போட எனக்குப் பழக்கமில்லை, அந்த இடத்தில் கொஞ்சம் சும்மா இருந்தேன். பிறகு, அன்றைக்கு நான் உன்னை அடிக்க விடாத அந்த ஒரு வரியை அடித்தேன்.