குளத்துக்கு முன்னால் வெள்ளைக் கட்டை

நெட்டை பாவா,

உன் காக்கிச் சட்டைகளை உன் தம்பிக்குக் கொடுக்கலாமென்று இன்றைக்குத்தான் துணிந்து எடுத்தேன். இரண்டாவது சட்டையின் பாக்கெட்டில் விரல் நீளத்துக்கு ஒரு மரக்குச்சி. கோல்ஃப் பந்தை மேலே உட்காரவைத்து அடிப்பார்களே, அந்த டீ குச்சி. துவைக்கும்போதெல்லாம், "பாக்கெட்ட பாத்துட்டுப் போட மாட்டியா?" என்று கத்துவேன். இன்றைக்கும் கத்த வாயெடுத்தேன். ஆள்தான் இல்லை. அப்படியே கட்டில்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அஞ்சாவதோடு நின்றவள் நான், எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ஆனாலும் உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும்.

திருத்தணியில் முதல் ரயிலைப் பிடித்து, மெட்ராஸ் கோல்ஃப் மைதானத்துக்கு எத்தனை வருஷம் புருஷனும் பெண்டாட்டியுமாகப் போய்வந்தோம்! ஜன்னலோரம் எனக்கு, தலைக்கு உன் தோள். திருவள்ளூர் தாண்டித்தான் கண் திறப்பேன். நீ ஆடுகிறவர்களின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பாய். நான் புல் வெட்டும் கூட்டத்தில் இருப்பேன்.

பந்தைப் போடவேண்டிய ஒவ்வொரு குழிக்கும் ஆட்டம் தொடங்கும் இடத்தில் கலர் கட்டைகள் வைத்திருப்பார்கள். பின்னால் நீலம், நடுவில் வெள்ளை, முன்னால் சிவப்பு. நீலம் தூரமாக அடிக்கிறவர்களுக்கு. சிவப்பில் பெண்கள் அடிப்பார்கள், வயதானவர்களும் அடிக்கலாம். புதிதாக யாராவது வந்தால் மூன்று பந்து அடிக்கவிட்டுப் பார்ப்பாய். பந்து போகிற தூரத்தை வைத்து, "சார், உங்களுக்கு வெள்ளதான் சரி" என்று சொல்லிவிடுவாய். அவர் என்ன காரில் வந்தார் என்று பார்க்கமாட்டாய். "தப்பான எடத்துல நின்னா ஆட்டமே இருக்காது மே. நாள் பூரா பந்து தேடிக்கினு திரியணும்" என்று ரயிலில் எனக்கும் பாடம் நடக்கும். நான் என்னவோ நாளைக்கே ஆடப்போகிறவள் மாதிரி!

உன் பேச்சு எடுபடாத ஒரே ஆள், நீ வழக்கமாகப் பை தூக்கிய அந்தப் பெரியவர்தான். பெரிய ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது தாண்டியிருக்கும். மனைவி போனபிறகு வீட்டில் பேச ஆளில்லாமல், சாயங்காலமானால் மைதானத்துக்கு வந்துவிடுவார். எப்போதும் வெள்ளையில்தான் நிற்பார். ஏழாவது குழியில் குளத்தைத் தாண்டி அடிக்கவேண்டும். அவர் பந்து தாண்டாது. மூன்று பந்தைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு, தலையைத் தொங்கப்போட்டு நடப்பார்.

"சேப்புல நின்னு அடிங்க சார், தாண்டிடும்."

"போடா, அது பொம்பளைங்க எடம்."

"எங்க வூட்டுப் பொம்பள அங்கதான் புல்லு வெட்டிக்கினு கிறா. கூப்பிடட்டா சார்? துணைக்கு நிப்பா."

சிரிப்பார், நகரமாட்டார். ஒரு நாள் கையிலிருந்த மட்டையை உன்னிடம் நீட்டி, "இந்த வாரத்தோட நிறுத்திக்கிறேன்டா. தண்ணியில போடறதுக்கு எதுக்கு வரணும்?" என்றாராம்.

அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ நடந்தது அது. ஏழாவது குழியில் புல் வெட்டுவதற்காகக் கட்டைகளை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தது நான்தான். சாயங்காலம் நீங்கள் வந்தபோது வெள்ளைக் கட்டை முன்னாலே இருந்தது. சிவப்பு பின்னால் போயிருந்தது. நான் குளத்துக்கு அந்தப் பக்கம் இருந்ததால் கவனிக்கவில்லை. பந்து குளத்தைத் தாண்டி வந்து விழுந்ததைத்தான் பார்த்தேன். பெரியவர் சின்னப் பிள்ளை மாதிரி கூவிக்கொண்டு உன்னைக் கட்டிப் பிடித்தார்.

பின்னாலேயே ஆடவந்த அம்மாக்கள், சிவப்பு ஏன் இவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சத்தம் போட்டார்கள். மேஸ்திரி ஓடிவந்தார்.

"கலரு கூடத் தெரியாதா உனக்கு? நாளையிலிருந்து வராதே!"

நான் அழுதேன். நான்தான் மாற்றி வைத்துவிட்டேன் என்று நானே நம்பினேன். அப்போதுதான் நீ பையைக் கீழே வைத்துவிட்டு வந்தாய்.

"அவள ஒண்ணும் சொல்லாதீங்க மேஸ்திரி. நான்தான் மாத்தி வெச்சேன்."

மேஸ்திரி நம்பினாரோ இல்லையோ, என் வேலை தப்பியது. உன்னை ஒரு மாசம் உள்ளே விடவில்லை. அந்த ஒரு மாசமும் எனக்குச் சோறு கட்டிக்கொடுத்து, ஸ்டேஷன்வரை வந்து ஏற்றிவிட்டாய். உன் குழம்பில் உப்பு ஒருநாளும் சரியாக இருந்ததில்லை. அதையும் அழுதுகொண்டே தின்றேன், எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டானே என்று. ஊரில் எல்லோரிடமும் சொன்னேன். நீ "ஆங், ஆங்" என்று சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவாய். அம்மையார்குப்பத்தில் சேலை எடுக்கப் போனால் மட்டும், "இது இன்னா கலரு, சொல்லு பாக்கலாம்" என்று தறிக்காரர் எதிரிலேயே மானத்தை வாங்குவாய். நானும் அன்றிலிருந்து எந்தக் கட்டையை வைத்தாலும் மூன்று தடவை திரும்பிப் பார்ப்பேன். வேலையை விடும்வரை அந்தப் பயம் போகவில்லை.

மாசம் முடிந்து நீ போனபோது பெரியவர் உனக்காகக் காத்திருந்தாராம். நடந்ததெல்லாம் அவர் காதுக்குப் போயிருந்தது. "எங்கடா போன? வா, முன்னாடியே நின்னு அடிக்கலாம்" என்றாராம். கால் ஓயும்வரை சிவப்பில்தான் ஆடினார்.

உன் காரியத்துக்கு, உன்னோடு பை தூக்கிய பையன் ஒருவன் வந்திருந்தான். இலையில் உட்கார்ந்து, உன் பேச்சையே பேசிக்கொண்டிருந்தான்.

"யக்கா, கட்ட மாறுன அன்னிக்குக் காலையிலயே சொன்னான்க்கா. 'அந்தாளு வாயத் தொறந்து கேக்க மாட்டாரு. நாமதான் கட்டைய நகத்தணும்'னான். நான் வெளாட்டுக்குச் சொல்றான்னு நெனச்சேன்."

கையில் பாயசச் சொம்போடு நின்றுவிட்டேன் பாவா. கோபம் வந்தது. அத்தனை பேர் எதிரிலே சிரிப்பும் வந்தது. நீ சொன்னபடியே செய்திருந்தால், என் வேலைக்கு உலை வைத்ததும் நீ, காப்பாற்றியதும் நீ. நான் உருகி உருகி நன்றி சொன்னதையும் கேட்டுக்கொண்டு, கலர் தெரியாதவள் என்று என்னையே கேலியும் செய்திருக்கிறாய். நீ சொன்னதோடு சரி, தவறி மாற்றி வைத்தது நான்தான் என்றால், இத்தனை வருஷம் நான் நினைத்தது நினைத்தபடியே இருக்கட்டும்.

எதுவானாலும் உன்மேல் ஆசை குறையப்போவதில்லை. ஆனால் அன்றைக்குக் கட்டைகளைக் கீழே வைத்ததும் கலர் சரிதானா என்று நான் நிமிர்ந்து பார்த்ததாக எத்தனை நினைத்தும் ஞாபகம் வரவில்லை. மேஸ்திரியிடம் நீ எனக்காகப் பொய் சொன்னாய் என்றுதானே இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய்தானா, பாவா?