சாமானறைக்குப் போன அம்மன்

மச்சான்,

விரலில் ஒட்டிய குங்குமம் இன்னும் போகவில்லை. நீ கண்ணை மூடி ஒரு மாதமாகிறது. இன்று மத்தியானம் ஒஸ்லோவில், ஸ்டோவ்னரில் உன் வீட்டு நிலக்கீழ்ச் சாமானறையை ஒதுக்கிக் கொடுக்கப் போயிருந்தேன். பனிச்சறுக்குக் கட்டைகளுக்கும் பழைய மெத்தைக்கும் பின்னால் உன் அம்மன் நின்றாள். சிங்கத்தின் முதுகில் மூன்று பெண்கள், நடுவில் நிற்பவளிடம் ஈட்டியும் கேடயமும். மூன்று நெற்றியிலும் குங்குமம். தொட்டேன், கையோடு வந்தது.

நீ ஈராக்கில் வீதி போடப் போயிருந்த காலத்தில் மோசுல் சந்தையில் வாங்கியது அது. பழைய கற்சிற்பம் ஒன்றைப் பார்த்து வார்த்த பிளாஸ்டர் பலகை. "சிங்கத்திலை நிக்கிறாள், கையிலை ஆயுதம். வேறை ஆர்? துர்க்கைதான்" என்று சட்டையில் சுற்றி ஒஸ்லோ வரைக்கும் கொண்டுவந்தாய். சாமியறையில் முருகனுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தாய். ஊரில் காணாமற்போன உன் தம்பிக்காக வெள்ளிக்கிழமை தோறும் அவளுக்குத்தான் விளக்கு.

ஈராக் யுத்தம் ஒவ்வொரு மாலையும் தொலைக்காட்சியில் ஓடிய வருடம். என்னோடு பள்ளிக்கூடம் துப்பரவாக்கிய ஈராக்கியரை உன் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிவந்தவன் நான்தான். மனுசன் சாமியறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

"இது அல்லாத்" என்றார் நோர்வேஜிய மொழியில். "ஹத்ரா என்ற பழைய நகரத்தில் கிடைத்த சிற்பம். இஸ்லாத்துக்கு முன்பு அரபு மக்கள் கும்பிட்ட தெய்வம்."

அவர் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன். "டேய், இவ்வளவு நாளும் ஆருக்கடா கற்பூரம் காட்டினனீ?"

அதோடு விட்டேனா? என் வாய் சும்மா இருக்குமா? லோறென்ஸ்கூக்கில் ஒரு பிறந்தநாள் விழாவில் நீ கும்பிடுவதை நடித்தே காட்டினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உன் மனைவி தலையை நிமிர்த்தவில்லை. நீ என்னைப் பார்த்துச் சொன்னாய்: "ஆயிரம் வருசத்துக்கு மேலை ஒருத்தரும் அவளுக்கு விளக்கு வைக்கேல்லை. நான் வைச்சனான். அதிலை என்ன பிழை?"

அதற்கும் சிரித்தோம்.

அடுத்த கிழமை சாமியறையில் அவள் இல்லை. "எங்கை மச்சான் உன்ரை அரபு அம்மன்?" என்று கேட்டேன். "சாமானறையிலை" என்றாய். அதற்குப் பிறகு நீ அதைப்பற்றிக் கதைக்கவே இல்லை. நீயும் விட்டுவிட்டாய் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை, பார்.

இன்று அவளுக்கு முன்னால் ஒரு பற்றரி மெழுகுதிரி இருந்தது. நத்தார் பண்டிகைக்கு யன்னலில் வைப்பார்களே, அது. சாமானறையில் நெருப்புக் கொளுத்தக்கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். உன் மனைவி அதை எடுத்துச் சுவிச்சைத் தட்டிப் பார்த்தாள்.

"ஆக்கள் சிரிக்கினம், எடுத்து வையுங்கோ எண்டு நான்தான் சொன்னனான், அண்ணை" என்றாள் பிறகு. "வெள்ளிக்கிழமையிலை சறுக்குக் கட்டை துடைக்கப் போறன் எண்டு கீழை வருவார். கோடையிலையும் வருவார்."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மனை உன் மனைவியிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். சாமி கும்பிடுகிறவன் இல்லை நான், உனக்குத் தெரியும். ஆனாலும் வருகிற எல்லோருடைய கண்ணிலும் படட்டும் என்று வரவேற்பறையில் வைத்திருக்கிறேன். மன்னிச்சுக்கொள் மச்சான். பற்றரி முடிந்திருந்தது, புதிது போட்டேன். பிறகு முன்னால் நின்று உன் தம்பியின் பெயரைச் சத்தமாகச் சொன்னேன்.