பொன்மான் வளையின் நாற்றம்

இன்று காலை கரமனை ஆற்றங்கரையில் நடந்து வந்தபோது அழுகிய மீனின் நாற்றம் மூக்கில் ஏறியது. படித்துறைக்கு அப்பால், மண்கரையில் எங்கோ பொன்மான் குருவி குஞ்சு பொரித்திருக்கிறது. நீ இருந்திருந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கியிருப்பாய். எதிரே வந்த நம் தெருச் சங்கத்துச் செயலாளர், "என்ன மாமா, ஏதோ நாத்தம் வரதே?" என்றார். "எலி செத்துக் கிடக்கு. ரெண்டு நாள்ல போயிடும்," என்றேன். நீ உயிரோடு இருந்தவரை இப்படியொரு பொய்யை உன் பக்கத்தில் நின்று என்னால் சொல்ல முடிந்திருக்காது.

மீன் வாடை பட்டாலே தலைக்குக் குளிக்கும் தெருவில் பிறந்து, மீன் தின்னும் பறவையிடம் மனதைப் பறிகொடுத்தவன் நீ. மீன்கொத்திகளை உறவினர்களைப் போலத் தரம் பிரித்து வைத்திருந்தாய். வெண்மார்பு மீன்கொத்தி பெயருக்குத்தான் மீன்கொத்தி. மின்கம்பியில் உட்கார்ந்து ஓணானும் வெட்டுக்கிளியும் தின்னும். கறுப்பு வெள்ளை மீன்கொத்தி நீருக்கு மேல் அந்தரத்தில் சிறகடித்து நின்று செங்குத்தாக விழும். மலையாளத்தில் பொன்மான் என்கிற சின்ன நீல மீன்கொத்திதான் உனக்கு உயிர். "பாத்துக்கோ, தனக்குன்னா மீனோட வால் வெளியில இருக்கும். தலை வெளியில இருந்தா குஞ்சுக்காக்கும்," என்பாய். வளைக்குள் குஞ்சுகள் வரிசையில் நிற்குமாம். இரை வாங்கியது பின்னால் போக, அடுத்தது முன்னால் வருமாம். நம் கோயில் பிரசாத வரிசையைப் பார்த்துப் பழகிய எனக்கு அதை நம்பக் கஷ்டமாக இருந்தது.

ஒரு வருஷம் ஆறாட்டுக்கு, சாமி நீராடப் படித்துறைக்கு எழுந்தருளவிருந்த சமயத்தில்தான் தெருவில் நாற்றம் கிளம்பியது. சங்கம் அவசரமாகக் கூடியது. கடைசி வீட்டை அமெரிக்காவில் இருக்கும் அதன் சொந்தக்காரர் மார்த்தாண்டத்துக் கொத்தனார் ஒருவருக்கு வாடகைக்கு விட்டிருந்தார். விசாரணை அவரிடம் தொடங்கி அவரிடமே முடிந்தது.

"எனக்க வீட்டுல ஒரு வாரமா கருவாடுகூடப் பொரிக்கல சாறே," என்றார் கொத்தனார்.

"பின்னே இந்தத் தெருவில வேற யாரு ஓய் மீன் தின்பா?" என்றார் செயலாளர். "காலி பண்ணச் சொல்லுங்கோ."

நீ எழுந்தாய். "இன்னொரு குடும்பம் இருக்கு. வாங்கோ, காட்டறேன்."

மூக்கைப் பொத்திக்கொண்டு கூட்டமே உன் பின்னால் வந்தது. கரையில் கைமுட்டி அளவு துளை. அதன் வாயிலிருந்து எச்சம் வெள்ளையாக வழிந்திருந்தது. உள்ளே குஞ்சுகளின் இரைச்சல். "மீன் முள்ளு மேலதான் குடித்தனம். நாத்தம் இதுதான்," என்று ஏதோ உன் சொந்த வீட்டைக் காட்டுவதுபோல் விளக்கினாய். கொத்தனார் தப்பித்தார். எல்லோரும் படம் எடுத்தார்கள். சங்கத்து வாட்ஸாப்பில் அதற்கு நிறைய இதயங்கள் விழுந்தன.

மறுநாள், துளையை அடைத்துவிடத் தீர்மானம். "குஞ்சு பறக்கற வரைக்கும் பொறுங்கோ," என்று வீடு வீடாகக் கெஞ்சினாய். "சாமியைப் பொறுக்கச் சொல்றேளா?" என்றார்கள். அத்தனை பக்தியான கேள்வியைக் கேட்டுவிட்டு நீ வனத்துறைக்கு மனு எழுதக் கிளம்பினாய். நீ ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் வேலை முடிந்தது. செய்தவர் கொத்தனார். "நான் செய்யலேன்னா வேற ஆளு வந்து செய்வான் சாறே. எனக்க வீடு போவும்," என்று பிறகு உன்னிடம் சொன்னார். ஆறாட்டு முடிந்ததும் அவரையும் காலி செய்யச் சொன்னார்கள். நாற்றம் அவருடையதல்ல என்று அந்தக் கூட்டத்தில் நிரூபணமாகியிருந்தது. கருவாடு அவருடையது என்பதும்தான்.

அடைத்த அன்று மாலை நாம் இருவரும் கரைக்குப் போனோம். நீ கல்லால் இடித்துப் பார்த்தாய். உள்ளே ஜல்லி திணித்து, மேலே சிமெண்டு பூசியிருந்தார். வேலையில் குறை சொல்ல முடியாது. அப்போது பொன்மான் வந்தது. அலகில் மீன், தலை வெளியே இருந்தது. பூச்சின் முன்னால் சிறகடித்தது, வேரில் போய் உட்கார்ந்தது, மறுபடி வந்தது. மீனை விழுங்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை. பிறகு உன் கைக்கெட்டும் கிளையிலேயே வந்து உட்கார்ந்தது.

"அதுக்குத் தெரியாதுடா," என்றாய், "காட்டிக் கொடுத்தது நானாக்கும்னு."

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. இப்போதெல்லாம் ஆற்றங்கரையில் ஏதாவது பொன்மான் என்னைக் கண்டு பயப்படாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், நான்தான் எழுந்து போய்விடுகிறேன்.