ஓடைச் சத்தமும் அப்பாவின் காதும்

என் தங்கக் குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம், நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று தெரிந்தால் இன்னும் சௌக்கியம். நீ அனுப்பிய காது மிஷினை அப்பா போட்டுக்கொள்கிறாரா என்று கேட்டிருந்தாய். சட்டைப் பையில் பத்திரமாக வைத்திருந்தார், கேட்டால், "எனக்கென்ன, காது நல்லாத்தான இருக்கு" என்று முறைப்பார். அப்படியிருக்க, போன ஞாயிற்றுக்கிழமை சித்தி எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்து ஓடைக்குப் போனாள். முழங்கால்கூட நனையாத தண்ணீர், கூழாங்கல் மேல் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. அப்பா பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு நடுப்பாறைக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். நாங்கள் கரையில் பேசிக்கொண்டிருந்தோம், திடீரென்று சித்தி, "அக்கா, தண்ணி சத்தம் மாறுது பாரு" என்றாள். சலசலப்பை அமுக்கிக்கொண்டு மேலே எங்கோ பெரிய லாரி இறங்கி வருவதுபோல ஓர் உறுமல், அதற்குள் கல்லோடு கல் மோதும் கடகடச் சத்தம். மலைமேல் மழை கொட்டியிருக்கிறது. தொண்டை கிழியக் கத்தினோம், மனிதர் அசைந்தால்தானே. வேறு வழி தெரியாமல் செருப்பைக் கழற்றி வீசினேன், குறி தப்பாமல் முதுகிலேயே விழுந்தது. என்னைத் திட்டுவதற்காகவே விறுவிறுவென்று தண்ணீரில் நடந்து வந்தார், கரையேறி வாயைத் திறப்பதற்குள் செம்மண் வெள்ளம் திமுதிமுவென்று வந்து அந்தப் பாறையை மூடிவிட்டது. சித்தி சிரிக்க ஆரம்பித்தாள், எனக்கோ அழுகை. அப்பா பையிலிருந்து மிஷினை எடுத்து மாட்டிக்கொண்டார்.

வெள்ளம் வடிந்ததும் மறுபடி அங்கே போகவேண்டும் என்று ஒரே பிடிவாதம். கரையைத் தாண்டக்கூடாது என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். ரொம்ப நேரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "கல்லுக்கு அடியில போற தண்ணி ஒரு மாதிரி, மேல குதிக்கிறது ஒரு மாதிரி கேக்குதுடி. கரையோரமா போறது மட்டும் உன்ன மாதிரியே முணுமுணுக்குது" என்றார். இந்த வயதில் குசும்பைப் பார். இப்போது நான் அடுக்களையில் அவரைத் திட்டுவதுகூடக் கேட்டுவிடுகிறது, எனக்குத்தான் சங்கடம்.

குளிருக்குக் காதை மூடிக்கொள், வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. எந்தக் குறையுமில்லாமல் நீ நிறைவாக இருக்கவேண்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, இனி போன் செய்தால் என்னிடம் சொல்லி அவரிடம் சொல்லச் சொல்லாதே, அவரையே கூப்பிடு. கத்த வேண்டாம், மெதுவாகப் பேசு. உன் குரலை அவர் சரியாகக் கேட்டு ரொம்ப நாளாகிறது.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா